தாயத்துல வெட்டும் ரோல்பிளேயிங்ல புள்ளியும்

மக்களே, எங்க செஞ்சிப் பக்கம் தாயம் ஆடினா வீட்டுக்கு வீடு விதி வேற. ஒரு வீட்டுல எதிராளி காய் ஒண்ணையாவது வெட்டினாத்தான் உள்ளே போய்ப் பழம் எடுக்க முடியும். பக்கத்து வீட்டுல அந்தக் கட்டாயம் கிடையாது. ரெண்டுமே நியாயம்தான். ஏன்னா, உக்காந்து ஆடுற எல்லாருக்கும் அங்கே ஒரே விலை.

லீவுக்கு ஊருக்கு வந்தா நண்பர்களோட நான் ஆடுற ரோல்பிளேயிங் கேம்ல இந்த நியாயம் இல்லை. 2004-ல வந்த 'வேர்ல்ட் ஆஃப் டார்க்னெஸ்' அது. பலம், சுறுசுறுப்பு மாதிரி குணங்கள் எல்லாம் ஒண்ணாம் படியில இருக்கும். ஆட்டத்துக்கு முன்னாடி ஏத்தினா படிக்கு ஒரு புள்ளி (அஞ்சாம் படிக்கு மட்டும் ரெண்டு). ஆட்டம் தொடங்கிட்டா, ஏறப்போற படியை அஞ்சால பெருக்கி அத்தனை அனுபவப் புள்ளி கொடுக்கணும்.

கணக்கு பாருங்க. ரெண்டு பேர் கையிலயும் ஆரம்பத்துல மூணு புள்ளி. முதல் ஆள் பலத்தை 4 ஆக்கிட்டு சுறுசுறுப்பை 1-லயே விட்டுடறார். அடுத்தவர் பலம் 3, சுறுசுறுப்பு 2. பிற்பாடு ரெண்டு பேரும் பலம் 4, சுறுசுறுப்பு 2-னு வந்து நிக்கறாங்க. முதல் ஆளுக்குச் செலவு 10, அடுத்தவருக்கு 20. ஒரே இடத்துக்கு டபுள் சார்ஜ்!

எங்க செட்டுல எல்லாத்தையும் சமமா வளர்த்த நண்பர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததோட ஆட வர்றதையே விட்டுட்டார்.

இன்னொருத்தர் கட்சி வேற. "மேல போகப் போக விலை ஏறணும்டா. ராஜகிரி ஏறிப் பாரு, உச்சிக்கிட்டதானே மூச்சு வாங்குது?"

ஒத்துக்கறேன். ஆனா அந்த 800 அடி மலை முன்னாடி வந்தவனுக்கும் பின்னாடி வந்தவனுக்கும் அதே படிக்கட்டைத்தானே காட்டுது? முந்தினவனுக்கு மட்டும் பழனி மாதிரி விஞ்ச் விடலையே! விலை ஏறுறதுல தப்பில்லை. ரெண்டு விலைப்பட்டியல் வெச்சிருக்கறதுதான் தப்பு. 2013-ல வந்த புது விதிகள்ல அவங்களே எந்தப் படிக்கும் 4-னு ஒரே விலை ஆக்கிட்டாங்க.

அதனால என் வீட்டு விதி இதுதான்: ஆரம்பப் புள்ளியையும் அனுபவப் புள்ளியாவே கொடுத்துடணும். முதல் நாள்லேர்ந்து கடைசி நாள் வரைக்கும் ஒரே விலைப்பட்டியல். அதையும் ஆட்டத்துக்கு முன்னாடியே சொல்லிடணும். நடுவுல மாத்தினா என்ன ஆகும்னு தாயம் ஆடினவங்களுக்குத் தெரியும் :-)

ஆமா, உங்க வீட்டுல வெட்டு கட்டாயமா?