விலை குறைந்த கைபேசியில் திறக்கட்டும்

விழுப்புரம் மாவட்டத்துப் பிரம்மதேசத்தில் ஒரு விவசாயி பட்டா, சிட்டா பார்க்க இன்று கைபேசியே போதும். அந்தக் கைபேசி விலை குறைந்ததாகவும் இருக்கலாம் என்பதை மனத்தில் வைத்தே இணையதளம் கட்டும் கருவிகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நிரலாளர்களாகிய நாமோ வேலைச் சந்தையில் எதற்கு மவுசு என்று பார்க்கிறோம். அந்த மவுசோ மாறிக்கொண்டே இருக்கிறது: ஜாவாஸ்கிரிப்ட் கருவிகளில் 2006இல் ஜேகுவரி வந்தது, 2010இல் ஆங்குலர்ஜேஎஸ், 2013இல் ரியாக்ட். ஆங்குலர்ஜேஎஸ்ஸுக்கான ஆதரவை 2021 இறுதியோடு கூகுள் நிறுத்திவிட்டது. அதில் கட்டிய தளங்களை மாற்றி எழுதும் செலவு யார் தலையில்? அரசுத் தளமென்றால் வரி கட்டுபவர் தலையில்தான். 1991இல் டிம் பெர்னர்ஸ் லீ வெளியிட்ட முதல் இணையதளமோ வெறும் எச்.டி.எம்.எல்.; அதன் பக்கங்களை இன்றைய உலாவியிலும் படிக்கலாம்.

இத்தகைய கருவிகள் பக்கத்தின் எடையையும் கூட்டுகின்றன. 4ஜி, 5ஜி வந்துவிட்டதே, எடை ஒரு பொருட்டா என்று கேட்பார்கள். இணைய வேகம் பாதிச் சிக்கல்தான். இறங்கிவந்த ஜாவாஸ்கிரிப்ட்டைப் படித்து இயக்குவது கைபேசியின் செயலி. அதே அளவுள்ள படத்தைவிட நிரல் அதற்கு அதிக வேலை வைக்கும். ரியாக்ட் போன்றவற்றால் வேலை சீக்கிரம் முடியும் என்பதில் உண்மை உண்டு. பலர் ஒரே நேரத்தில் திருத்தும் ஆவணத்துக்கு அவை பொருந்தும். ஒரு படிவமும் பட்டியலும் காட்டும் பக்கத்துக்கு எதற்கு? முதலில் எச்.டி.எம்.எல்.லிலேயே சேவை இயங்கட்டும், மற்றவை பிறகு என்கிறது பிரிட்டன் அரசின் சேவைக் கையேடு. தமிழக அரசும் ஒப்பந்தப்புள்ளியில் இதை நிபந்தனையாக்க வேண்டும். விலை குறைந்த கைபேசியில் இயக்கிக் காட்டாத தளத்துக்குப் பணம் தரக் கூடாது.