கழுத்தைச் சுற்றிய போவா!

ஆங்கிலக் குறுக்கெழுத்துப் புதிர்களில் அடிக்கடி தலைகாட்டும் குட்டிச் சொல் ஒன்று உண்டு. ‘பாம்பு, கழுத்தில் அணியும் அலங்காரமும் அதுவே. மூன்று எழுத்து’ என்று குறிப்பு இருக்கும். விடை: பி, ஓ, ஏ. ‘போவா’.

பாம்பு சரி, அதென்ன அலங்காரம்? பஞ்சுபோன்ற இறகுகளை நெருக்கமாகக் கோத்து, மாலைபோல நீளமாகச் செய்து, தோளில் புரளவிட்டுக்கொள்வார்களே... அதுதான் ‘ஃபெதர் போவா’. 2021 கிராமி விருது விழாவில் பாடகர் ஹாரி ஸ்டைல்ஸ் பச்சை நிறத்தில் ஒன்றைக் கழுத்தில் போட்டுக்கொண்டு மேடையேறினார். அந்தப் புகைப்படம் உலகம் முழுக்கச் சுற்றியது.

பெயர் முதலில் பாம்புக்குத்தான் வந்தது. 1-ம் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானிய அறிஞர் பிளினி, இத்தாலியில் ‘போவா’ என்ற பெரிய பாம்பு இருப்பதாக எழுதினார். பசுவின் பாலைக் குடித்து வளர்வதால் அந்தப் பெயர் வந்தது என்றும் விளக்கம் கொடுத்தார். லத்தீன் மொழியில் பசுவுக்கு ‘போஸ்’ என்று பெயர். புற்றுக்குப் பால் ஊற்றும் நம் ஊர்க்காரர்களுக்கு இந்தக் கதை புதிதாகத் தெரியாது. ஆனால், பாம்பால் மடியில் வாய் வைத்து உறிஞ்ச முடியாது. பால் அதற்கு உணவும் கிடையாது. பட்டினியும் தாகமுமாக அடைத்து வைக்கப்பட்ட பாம்பு, எதிரே எந்தத் திரவத்தை வைத்தாலும் குடிக்கும். அதைப் பார்த்துத்தான் ‘பால் குடிக்கிறது’ என்கிறோம்.

1758-ல் ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானி லின்னேயஸ், இந்தப் பழைய பெயரை எடுத்து ஒரு பாம்புக்கு ‘போவா கன்ஸ்ட்ரிக்டர்’ என்று சூட்டினார். தென் அமெரிக்கக் காடுகளில் வாழும் இதற்கு விஷம் இல்லை. இரையைச் சுற்றி இறுக்கிக் கொல்லும். மூச்சுத் திணறித்தான் இரை சாகிறது என்று நெடுங்காலம் நம்பினார்கள். 2015-ல் வெளியான ஓர் ஆய்வு, இறுக்கிய சில விநாடிகளிலேயே எலியின் ரத்த ஓட்டம் தடைபடுவதைக் காட்டியது. நம் மலைப்பாம்பும் இறுக்கித்தான் கொல்கிறது என்றாலும், இரண்டும் வேறு வேறு. மலைப்பாம்பு முட்டையிட்டு அடைகாக்கும். போவா குட்டி போடும்.

19-ம் நூற்றாண்டில் ஐரோப்பியப் பெண்கள் மிருக ரோமத்திலும் இறகிலும் நீளமான துணைப்பொருள் ஒன்றைக் கழுத்தில் சுற்றிக்கொள்ளத் தொடங்கினார்கள். பார்க்கப் பாம்பு படுத்திருப்பதுபோலவே இருந்தது. பெயரும் ஒட்டிக்கொண்டது.

ஆனால், உண்மையில் கழுத்து இறுகியது பறவைகளுக்குத்தான். போவாவுக்கும் தொப்பிக்கும் இறகு கேட்டு ஃபேஷன் உலகம் அலைந்தது. கொக்குகளுக்கு அழகான இறகு முளைப்பது இனப்பெருக்கக் காலத்தில். அந்த நேரத்தில் தாயைச் சுட்டால், கூட்டில் இருக்கும் குஞ்சுகளும் பட்டினியில் சாகும். இதைப் பொறுக்காமல், 1889-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் எமிலி வில்லியம்சன் என்ற பெண்மணி, ‘இறகு அணிய மாட்டோம்’ என்று பெண்களைத் திரட்டினார். அந்த முயற்சிதான் பிறகு பெரிய பறவைப் பாதுகாப்புச் சங்கமாக வளர்ந்தது. 1921-ல் இறகு இறக்குமதியைக் கட்டுப்படுத்தும் சட்டமும் வந்தது. ஃபேஷனை மாற்றியவர்களும் அதே பெண்கள்தாம்!

நம் மண்ணிலும் போவாவுக்கு உறவுக்காரர் உண்டு. ஆங்கிலத்தில் ‘ரெட் சாண்ட் போவா’. தமிழில் மண்ணுளிப் பாம்பு, இருதலை மணியன். வால் மழுங்கித் தலைபோலவே இருப்பதால் இரண்டு தலை என்ற பேச்சு கிளம்பியது. எதிரி வந்தால் தலையை உடலுக்கடியில் மறைத்து வாலைத் தூக்கிக் காட்டும். கடி வாலோடு போகட்டும் என்ற தந்திரம்தான் அது! விஷமில்லாத, வயலில் எலியைத் தின்னும் சாது.

அந்த வால்தான் அதற்கு எமன். வீட்டில் வைத்தால் செல்வம் சேரும், தீராத நோய் தீரும் என்று கதை கட்டி, எடை போட்டு லட்சக்கணக்கில் விலை பேசுகிறது ஒரு கும்பல். எல்லாம் சுத்தப் பொய். வாங்கியவர் பணத்தையும் இழப்பார், கம்பியும் எண்ணுவார். 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இதைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம்.

‘இருதலைப் பாம்பு இருக்கு, ஒரே வாரத்துல கோடீஸ்வரர் ஆகலாம்’ என்று போனில் வீடியோ வந்தால், அடுத்தவருக்கு அனுப்பாமல் அழித்துவிடுங்கள். தோட்டத்தில் பார்த்தால் அடிக்காதீர்கள். வனத்துறைக்கோ தீயணைப்பு நிலையத்துக்கோ சொல்லுங்கள். எலியைப் பிடித்துக் கொடுப்பதைத் தவிர, அந்தப் பாம்பு நமக்குத் தரும் அதிர்ஷ்டம் வேறெதுவும் இல்லை.