ரீல்ஸுக்கு முந்தைய ரீல்

"ரீல்" என்று சொன்னால் இப்ப எங்கட கை போனைத்தான் தேடும். ஒரு காலத்தில் ரீல் என்றால் டேப் சுற்றிய வட்டு. பழைய டேப் ரெக்கோடர்களைத் திருத்தி ஓடவிடுற வீடியோக்கள் எனக்குச் சரியான விருப்பம். அதில் வரும் கிறுண்டிக், பிலிப்ஸ், அக்காய் எல்லாம் எங்கட பெரியவர்களுக்கும் தெரிந்த பெயர்கள். ஊஹர் என்று கேட்டால் ஆளாளுக்கு முழிப்பார்கள். எனக்கு முக்கியமான பெயர் அதுதான்.

ஊஹர் ஜெர்மனியின் மியூனிக் நகரத்துக் கம்பெனி. 1961இல் '4000 ரிப்போர்ட்' என்ற மெசினை இறக்கியது. அந்த நாளில் டேப் ரெக்கோடர் பெரும்பாலும் மேசையை விட்டு அசையாத பாரமான பெட்டி. கரண்டும் வேண்டும். இது ஏறக்குறைய மூன்று கிலோதான், தோளில் கொழுவலாம். ஐந்து பெரிய டோர்ச் பற்றரி போட்டால் ஓடும். 13 சென்ரிமீற்றர் ரீல், நாலு வேகம். செக்கனுக்கு 19 செ.மீ. வேகத்தில் சத்தம் துல்லியமாக இருக்கும், டேப் கெதியாய் முடியும். 2.4 செ.மீ. வேகத்தில் 270 மீற்றர் டேப்பின் ஒரு பக்கத்திலேயே மூன்று மணித்தியாலக் கதை பிடிக்கலாம்.

சுவிற்சர்லாந்தின் நாக்ரா இதைவிடத் திறம், விலையும் அப்படித்தான். அதனால் சினிமாக்காரர் நாக்ராவைத் தூக்கினார்கள். வானொலி நிருபர்களும் நாட்டார் பாட்டுத் தேடி அலைந்தவர்களும் ஊஹரைத் தூக்கினார்கள். பாடுறவர் ஸ்ரூடியோவுக்குப் போகத் தேவையில்லை, மெசின் அவர் முற்றத்துக்கே வரும். கரண்ட் இல்லாத ஊருக்கும் வரும். இந்த மெசினின் பெருமை என்று நான் நினைக்கிறது இதைத்தான்.

இனி எங்கட பக்கம் வருவம். ஈச்சிலம்பற்று, வெருகல், வாகரை எல்லாம் கரையோர வேடர் வாழும் இடங்கள். 1907-08இல் செலிக்மன் தம்பதி இலங்கைக்கு வந்து வேடரின் பாட்டுகளை போனோகிராப் மெழுகு உருளைகளில் பதிந்தார்கள். 1911இல் வந்த அவர்களின் புத்தகத்தில், அந்த இசையைப் பற்றி சி. எஸ். மயர்ஸ் ஒரு அத்தியாயமே எழுதினார். நூறு வருசத்துக்கு முதலே வெளியில் இருந்து வந்தவர்களுக்கு அது பெறுமதியாகத் தெரிந்திருக்கு. எங்களுக்கு?

எங்கட வீட்டில் ஊஹரும் இருக்கேல்ல, வேற மெசினும் இருக்கேல்ல. 2004இல் சுனாமி, 2006இல் இடம்பெயர்வு. படங்களும் பத்திரங்களும் போச்சு. அம்மம்மாவின் பாட்டுகள் அவவோட போச்சு. முதல் இரண்டுக்கும் கடலிலும் யுத்தத்திலும் பழி போடலாம். அம்மம்மா கடைசிக் காலத்தில் எங்களோடதான் இருந்தா. வீட்டில் மூன்று போன் இருந்தது.

ஊஹருக்கு இன்னொரு கதையும் இருக்கு. வாட்டர்கேட் விவகாரத்தில், 1972 ஜூன் 20ஆம் திகதிய நிக்சனின் உரையாடல் டேப்பில் 18½ நிமிசம் காணாமல் போனது. அது பதியப்பட்டது வேறு மெசினில். ஆனால் நிக்சனின் செயலாளர் ரோஸ் மேரி வூட்ஸ் அதைக் கேட்டு எழுதியது ஊஹர் 5000இல். ஒரு அழைப்பு வந்த நேரம் தவறுதலாக ஐந்து நிமிசம் போல அழித்திருக்கலாம் என்றார் அவர். குறைந்தது ஐந்து தடவை அழிபட்டிருக்கு என்று 1974இல் நிபுணர் குழு சொன்னது. அந்த 18½ நிமிசத்துக்காக ஒரு நாடே சண்டை பிடித்தது. எங்கட ஊரில் ஒரு கிழவி கண் மூடினால் எத்தனை மணித்தியாலம் அழியுது? ஆரும் கேட்கிறதில்லை.

"எல்லாரிட்டயும் போன் இருக்குதானே, எப்பவும் பதியலாம்" என்று சொல்லுவீங்க. அந்த "எப்பவும்"தான் பிரச்சினை. டேப் காசு கொடுத்து வாங்கிற சாமான், அதனால் எதைப் பதியிறது என்று யோசித்தார்கள். நாங்கள் சாப்பாட்டையும் பூனையையும் பதியிறம், பிறகு மெமரி நிரம்பினால் கண்ணை மூடிக்கொண்டு அழிக்கிறம்.

ஆகவே, இந்தக் கிழமையே ஒரு பெரியவருக்குப் பக்கத்தில் இருங்க. முதல்ல அனுமதி கேளுங்க. ஃபானை நிப்பாட்டுங்க. பெயர், ஊர், திகதியைத் தொடக்கத்திலேயே சொல்லிப் பதியுங்க. போனுக்கு வெளியில் இரண்டு இடத்தில் பிரதி வையுங்க.

நான் பெரியம்மாவிட்ட இதுவரைக்கும் ஆறு பாட்டுப் பதிந்திருக்கிறன். ஏழாவதில் அரைவாசி வரைக்கும் வந்து, "மிச்சம் உன்ர அம்மம்மாவுக்குத்தான் தெரியும்" எண்டு சொல்லிச் சிரிச்சா.