அடிக்குறிப்பில் நின்ற வேட்டைக்காரர்

விக்டோரியா காலத்து விஞ்ஞானிகள் தமக்குள் எழுதிக்கொண்ட கடிதங்களைப் பற்றிப் பேசுவோர், அவற்றை அறிவுலகின் சுதந்திரக் குடியரசு என்று போற்றுவது வழக்கமாகிவிட்டது. அங்கே ஆண்டானுமில்லை, அடிமையுமில்லை. உண்மை ஒன்றே ஆட்சி செய்தது என்பர். நம் ஆசிரியர்களும் இப்புகழுரையை வகுப்பறைகளில் ஒப்பிக்கின்றனர். அக்குடியரசில் வாக்குரிமை எவருக்கு இருந்தது என்று கேட்பார் இல்லை. திருகோணமலையில் பணியாற்றிய பாதிரியார் ஒருவரின் கடிதம் அதற்கு விடை தருகிறது.

டார்வின் தம் வீட்டில் இருந்தவாறே உலகை ஆராய்ந்தவர். தபாற்பைதான் அவருடைய ஆய்வுக்கூடம். அவர் எழுதியனவும் பெற்றனவுமாக 15,000க்கு மேற்பட்ட கடிதங்கள் அறியப்பட்டுள்ளன. கேம்பிரிட்ஜில் அவை 1985 முதல் 2023 வரை 30 தொகுதிகளாக வெளிவந்தன. மனிதர் உணர்ச்சிகளை எவ்வாறு வெளிப்படுத்துகின்றனர் என்பதை அறிய 1867இல் பதினாறு வினாக்களை அச்சிட்டுப் பல நாடுகளுக்கு அனுப்பினார். முப்பத்தாறு பேர் மறுமொழி எழுதினர். அவற்றின் பயனாக 1872இல் வெளிவந்த நூலில் ஒரு வினா எழுகிறது: யானை அழுமா?

வேடிக்கையான வினா அன்று இது. குழந்தை வீரிட்டு அழும்போது கண்ணைச் சூழ்ந்த தசைகள் இறுகுவதற்கும் கண்ணீர் பெருகுவதற்கும் தொடர்புண்டு என்பது டார்வினின் கருத்து. யானையிடமும் அத்தொடர்பு காணப்படுமாயின் அக்கருத்து வலுப்பெறும். இலங்கையில் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த சேர் எமர்சன் டெனன்ற், பிடித்துக் கட்டப்பட்ட யானைகள் தரையிற் கிடந்து கண்ணீர் வடித்ததாக 1859இல் வெளியிட்ட நூலில் எழுதியிருந்தார். டார்வின் அதனைச் சரிபார்க்க விரும்பிப் பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பணிப்பாளர் துவெயிற்சுக்கு எழுதினார். அதன் விளைவாகக் கிடைத்ததுதான் கிளெனி பாதிரியாரின் கடிதம்.

சாமுவேல் ஓவன் கிளெனி திருகோணமலையில் அரசாங்கக் குருவாக இருந்தவர். இப்பகுதிக் காடுகளிற் செடிகொடிகளைத் திரட்டித் துவெயிற்சுக்கு அனுப்பியவர். அவர் பெயரால் ஹூக்கர் 1862இல் ஒரு தாவரப் பேரினத்துக்குக் 'கிளெனியா' என்று பெயரிட்டார். அது நம் முடக்கொத்தானின் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் காட்டு வழியை அவருக்குக் காட்டியவனின் பெயரால் எம்மரமும் இல்லை!

கிளெனியும் வேறு சிலரும் புதிதாகப் பிடிபட்ட யானைக் கூட்டமொன்றைக் கூர்ந்து நோக்கினர. சினமூட்டப்பட்ட யானைகள் உரக்கப் பிளிறின. ஆனால் கண்ணைச் சூழ்ந்த தசைகள் இறுகவில்லை, கண்ணீரும் வரவில்லை. உள்ளூர் வேட்டைக்காரரும் யானை அழுததைத் தாம் ஒருபோதும் கண்டதில்லை என்று உறுதி கூறினர்.

டார்வின் இதனை மறைக்கவில்லை. தம் கருத்துக்கு மாறான சாட்சியத்தை அடிக்குறிப்பில் அச்சேற்றினார். அந்த நேர்மையை நாம் மதிக்கவேண்டும். ஆயினும் தீர்ப்பு எவ்வாறு அமைந்தது? டெனன்ற் துரையின் கூற்றை ஐயுறுவது இயலாது என்றார். இலண்டன் விலங்குக் காட்சிச்சாலைக் காப்பாளனின் சொல்லையும் அதற்குத் துணையாக்கினார். இலங்கை யானைகள் அச்சத்தாலோ சினத்தாலோ தம்மை வருத்துவோரைப் பார்க்க விரும்பிக் கண்ணை இறுக்காமல் இருந்திருக்கலாம் என்று சமாதானமும் கண்டார். வேட்டைக்காரரின் சாட்சியத்துக்குக் கிடைத்த இடம் ஒரேயொரு வாக்கியம். பெயரில்லை, ஊரில்லை.

ஆனால் அத்தொழிலின் அறிவு எத்தகையது? ஏறாவூர் முதலான கிழக்கிலங்கை முஸ்லிம் ஊர்களின் பணிக்கர்கள் தோற்கயிற்றுக் கண்ணி ஒன்றை மட்டும் கையிற்கொண்டு காட்டு யானையை அணுகி, அதன் பின்னங்காலிற் சுருக்கிட்டவர்கள். யானையின் கண்ணும் காதும் எந்நேரம் என்ன சொல்லுகின்றன என்று அறியாதவன் அத்தொழிலில் மறுநாள் உயிரோடிருக்க மாட்டான். பணிக்கரின் திறமையை வியந்து எழுதியவர்களுள் டெனன்றும் ஒருவர். யானையைப் பிடித்துக்கொடுக்க அவர்கள் வேண்டும்; யானையைப் பற்றிச் சாட்சி சொல்ல மட்டும் துரை வேண்டும். 1848 கிளர்ச்சியை இராணுவச் சட்டத்தால் நசுக்கிய ஆட்சியில் அந்தத் துரை எந்த நாற்காலியில் அமர்ந்திருந்தார் என்பதை வரலாற்று மாணவர் அறிவர்.

யானைக்கு மற்றப் பாலூட்டிகளைப் போன்ற கண்ணீர்ச் சுரப்பி கிடையாது என்பது இன்றைய உடற்கூற்றியல் கூறுவது. கண்ணை நனைக்கும் நீர் வேறொரு சுரப்பியிலிருந்து வருகிறது. அதனை மூக்கினுள் வடிக்கும் நாளமும் இல்லாமையால் அது கன்னத்தில் வழிகிறது. டெனன்ற் கண்ட ஈரம் பொய்யன்று. அதை அழுகையென்று கொள்ளாத வேட்டைக்காரரும் பொய்யரல்லர். "அந்த ஈரம் என்ன?" என்ற அடுத்த வினாவை அவர்களிடம் கேட்டிருந்தால் விஞ்ஞானமே பயனடைந்திருக்கும்.

இதனைக் கேட்டதும் டார்வினையே தூக்கியெறியத் துடிக்கும் அன்பர்கள் உளர். நம் முன்னோர் எல்லாவற்றையும் முன்பே அறிந்திருந்தனர் என்று மார்தட்டுவோரும் உளர். இருசாராரும் நமக்கு உதவார். இலண்டன் காப்பாளனும் கூலிக்கு உழைத்தவன்தான், அவனும் பெயரற்றவன்தான். எனினும் அவன் சொல் ஏறியது, ஏனெனில் அவன் இலண்டனில், கேட்பவரின் எதிரே நின்றான். இலங்கை வேட்டைக்காரன் பேசியதோ பாதிரியார் வழியாக, பணிப்பாளர் வழியாக, கப்பல் வழியாக. அதிகாரத்தின் படிகளில் ஏற ஏற அவன் குரல் மெலிந்தது. குடியேற்ற ஆட்சி விஞ்ஞானத்துக்குச் செய்த கேடு இதுவே: உழைப்பவன் கண்டதைத் துரையின் கையெழுத்தில்லாமல் உண்மையென ஏற்க அது மறுத்தது.

பிரித்தானியக் கடற்படை 1957இல் இத்துறைமுகத்தைக் கையளித்துவிட்டது. நாமோ இன்றும் மாணவரைச் சுற்றுலா அழைத்துச் சென்று, 1852இல் இறந்த ஜேன் ஒஸ்டினின் தம்பி சார்ள்ஸ் ஒஸ்டினின் கல்லறையைக் காட்டித் திரும்புகிறோம். அதே மாணவர் கடற்கரைக்குச் சென்று மீனவரிடம் மீன்களின் பெயரும் பருவமும் கேட்டு எழுதிவரும் ஒப்படைகளிலே "மீனவர்கள் கூறினர்" என்ற வாக்கியத்துக்கு நாம் சரி அடையாளம் இடுகிறோம். எந்த மீனவர்? எந்தத் துறை? எத்தனை ஆண்டு கடலிற் போனவர்? அவரிடமே திரும்பச் சென்று படித்துக் காட்டினாயா? நாளைக்கே சிவப்பு மையால் இந்த நான்கு கேள்விகளையும் ஓரத்தில் எழுதி, ஒப்படையைத் திருப்பிக் கொடுக்கலாம்.