தீராத பீனிசம்: குற்றவாளி கிருமி மட்டுமா?



சாத்தூருக்கும் சிவகாசிக்கும் இடைப்பட்ட ஒரு சிற்றூரிலிருந்து தாய் ஒருவர் எழுதிய கடிதம் இம்மாதம் நம் மேசைமேல் இருக்கிறது. அவருடைய கணவர் பதினைந்து ஆண்டுகளாகப் பட்டாசுத் தொழிற்சாலையில் வேலை செய்பவர். சென்ற எட்டு மாதங்களாக அவருக்கு ஓயாத மூக்கடைப்பு. கன்னத்திலும் நெற்றியிலும் பாரம். தொண்டைக்குள் இறங்கும் மஞ்சள் சளி. அடுப்பில் கருவாடு தீய்ந்து புகைந்தாலும் அவருக்கு மணம் தெரிவதில்லையாம். மருந்துக்கடையில் சொல்லி மாத்திரை வாங்கி உண்கிறார். நான்கைந்து நாட்கள் தணிகிறது. பிறகு பழைய கதைதான். இவ்வாறு ஐந்து முறை ஆயிற்று. "கிருமி முழுவதும் சாகவில்லை, இன்னும் வீரியமான மாத்திரை வேண்டும் என்று கடைக்காரர் சொல்கிறார். வாங்கலாமா?" என்பது அவருடைய கேள்வி.

வாங்க வேண்டாம், சகோதரி. கடைக்காரர் கூறுவது முழுப் பொய்யன்று. கிருமி இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது அங்கே எவ்வாறு குடியிருக்கிறது என்பதை அறிந்தால், ஐந்து முறை தோற்ற மருந்து ஆறாம் முறை வெல்லாது என்பது விளங்கும்.

நம் முன்னோர் பீனிசம் என்று கூறிய இந்நோயை இன்று சைனஸ் என்றே எல்லாரும் சொல்கிறோம். உண்மையில் சைனஸ் என்பது நோயின் பெயரன்று. நம் ஒவ்வொருவர் முகத்திலும் உள்ள காற்றறைகளின் பெயர். கன்னங்களில், நெற்றியில், கண்களுக்கு நடுவில், மூக்கின் பின்கோடியில் என நான்கு ஜோடி அறைகள் உள்ளன. இவற்றில் பெரியது கன்ன அறை. 1651-இல் ஹைமோர் என்னும் ஆங்கில மருத்துவர் இதனை விரிவாக எழுதியதால், நெடுங்காலம் அவர் பெயராலேயே வழங்கிற்று.

இந்தக் கன்ன அறையின் அமைப்பில் ஒரு விந்தை உண்டு. நம் ஊர்க் கண்மாயின் மடை அடியில் இருக்கும். திறந்தால் தண்ணீர் தானே பாயும். இவ்வறையின் மடையோ மேற்பகுதியில் இருக்கிறது. அப்படியானால் உள்ளே ஊறும் சளி எப்படி வெளியேறும்? அறையின் சுவர் முழுவதும் கண்ணுக்குப் புலப்படாத நுண்மயிர்கள் உள்ளன. அவை விநாடிக்குப் பத்து முறைக்கு மேல் அசைந்து, சளிப் படலத்தை மேல்நோக்கி மடைக்குத் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. முற்காலத்து அறுவை மருத்துவர்கள், கண்மாயைப் போலவே இதற்கும் அடியில் புதுமடை வெட்டினார்கள். ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் மெசர்கிளிங்கர் என்னும் மருத்துவர் சளியின் போக்கை நுணுகி ஆராய்ந்தார். அடியில் துளையிட்டாலும் நுண்மயிர்கள் அதைப் பொருட்படுத்தாமல் பழைய மேல்மடைக்கே சளியைக் கொண்டு செல்வது தெளிவாயிற்று. 1980-களில் உலகெங்கும் பரவிய நுண்குழாய் அறுவை இவ்வுண்மையின்மேல் எழுந்ததே.

மடை அடைபட்டால் நீர் தேங்கும். தேங்கிய நீரில் பாசி பிடிக்கும். பீனிசத்தின் கதையும் இதுதான்.

மடை ஏன் அடைபடுகிறது? சாதாரணச் சளிப்பிடிப்பில் வைரஸ் கிருமியால் சவ்வு வீங்குகிறது. பெரும்பாலோர்க்குப் பத்து நாட்களில் தானே வடிந்துவிடுகிறது. சிலருக்கு மட்டும் அதன்மேல் நியூமோகாக்கஸ், ஹீமோபிலஸ் போன்ற பாக்டீரியாக்கள் ஏறிக் கொள்கின்றன. அந்நிலையில் ஆன்டிபயாடிக் மருந்து பயன் தரலாம். ஆனால் பன்னிரண்டு வாரங்களைக் கடந்து நீடிக்கும் பீனிசம் வேறு வகை. ஒவ்வாமை, மூக்குத் தண்டின் வளைவு, புகையிலை, விறகுப் புகை, தூசி எனப் பல காரணங்கள் சவ்வை நாளும் உறுத்தி வீங்கச் செய்கின்றன.

நம் பகுதியில் தூசிக்கா பஞ்சம்? அலுமினியத் தூள் படிந்து, முகமும் கைகளும் வெள்ளி பூசியதுபோல் மாலையில் வீடு திரும்புவோரை நாம் அறிவோம். கைகளிலும் முகத்திலும் படிவது மூக்கினுள்ளும் படியும். வெடியுப்பு, கந்தகம், கரித்தூள் ஆகியவையும் அவ்வாறே. கந்தகம் எரியும்போது எழும் வாயு அந்த நுண்மயிர்களின் அசைவையே மந்தமாக்கக் கூடியது. விருதுநகரின் மிளகாய் வற்றல் கிட்டங்கிகளில் மூட்டை தூக்குவோரும் இதற்கு விலக்கல்லர்.

இனிக் கிருமிக்கு வருவோம். நலமுள்ள சைனஸ் அறையில் கிருமியே இராது என்று பழைய பாடநூல்கள் கூறின. அது சரியன்று என இன்று தெரிந்துவிட்டது. நலமுள்ளவர்க்கும் அங்கே பாக்டீரியாக்கள் அமைதியாக வாழ்கின்றன. நாட்பட்ட நோயிலோ ஸ்டைபிலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் வகை, சிலவேளை சூடோமோனாஸ், காற்றின்றி வாழும் சில வகைகள் ஆகியவை ஓங்கிவிடுகின்றன. அவை தனித்தனியே மிதப்பதில்லை. ஊருணிப் படிக்கட்டில் படியும் வழுக்குப் பாசியைப் போல, தாமே சுரக்கும் ஒரு பசைக்குள் கூட்டமாக ஒட்டிக்கொண்டு வாழ்கின்றன. பீனிச நோயாளிகளின் சவ்வில் இப்படலம் இருப்பதை எலெக்ட்ரான் நுண்ணோக்கி 2004-இல் காட்டிற்று. படலத்தின் மேல்புறத்தில் உள்ளவை மாத்திரையால் மடிகின்றன. நான்கு நாள் சுகம் கிடைக்கிறது. பசைக்குள் உறங்கும் மற்றவை மருந்துக்கு எளிதில் அசைவதில்லை. மாத்திரை தீர்ந்ததும் மீண்டும் பரவுகின்றன. மேலும் ஸ்டைபிலோகாக்கஸ் கக்கும் சில நஞ்சுகள் நம் உடலின் காப்புப் படையையே வெறிகொள்ளச் செய்து வீக்கத்தைப் பெருக்குகின்றன. மூக்கில் சதை வளர்வதற்கு அதுவும் ஒரு காரணம் எனக் கருதப்படுகிறது.

மூக்குச் சளியை அருவருக்கும் நாம் ஒன்றை நினைக்கலாம். அலெக்சாண்டர் பிளெமிங் 1921-இல் தமக்குச் சளி பிடித்திருந்தபோது, தம் மூக்குநீரையே கிருமி வளர்க்கும் தட்டில் இட்டுப் பார்த்தார். அது கிருமிகளைக் கரைக்கக் கண்டு, லைசோசைம் என்னும் இயற்கைப் பொருளைக் கண்டுபிடித்தார். பெனிசிலின் பின்னர் 1928-இல்தான் வந்தது. 1945-இல் நோபல் பரிசு ஏற்ற உரையில் அதே பிளெமிங், பெனிசிலினைக் குறைந்த அளவில் உண்பவர் கிருமிகளை எதிர்ப்புக்குப் பழக்கிவிடுவார் என எச்சரித்தார். நான்கு மாத்திரையோடு நிறுத்தி, அடுத்த மாதம் மீண்டும் நான்கு வாங்குவது அந்தப் பழக்கல்தான். மருத்துவர் சீட்டின்றி இம்மருந்துகளை விற்கலாகாது என்பது நெடுநாளைய சட்டம். 2014 மார்ச் முதல், குறிப்பிட்ட சில வகைகளுக்கு வாங்குவோர் விவரத்தைப் பதிவேட்டில் எழுதவும் வேண்டும். எழுதுகிற கடை எத்தனை என்பதை வாசகர்களே அறிவர்.

அப்படியானால் செய்ய வேண்டுவது யாது? முதலில் பாசியைக் கழுவுதல். அரை லிட்டர் தண்ணீரை நன்கு கொதிக்கவைத்து, தலைதட்டிய ஒரு சிறு தேக்கரண்டி உப்பைக் கரைத்து, வடிகட்டி, இளஞ்சூடாக ஆறவிடுங்கள். தலையைக் குனிந்து ஒருபக்கம் சாய்த்து, வாயால் மூச்சுவிட்டபடி மேல்நாசியில் மெல்ல ஊற்றினால் மறுநாசி வழியே வடியும். வேலைவிட்டு வந்தவுடன் செய்வது சிறந்தது. கொதிக்காத குழாய்நீர், கிணற்றுநீர் கூடவே கூடாது. 2011-இல் அமெரிக்காவின் லூசியானாவில் இவ்வாறு குழாய்நீரால் மூக்கைக் கழுவிய இருவர், மூளையைத் தாக்கும் அமீபாவால் இறந்தனர்.

நொச்சியிலை வேது பிடிப்பது சற்று இதமளிக்கும், படலத்தைப் போக்காது. அடைப்பை உடனே திறக்கும் சொட்டுமருந்துகளை ஐந்து நாட்களுக்குமேல் விட்டால், அவையே அடைப்பை உண்டாக்கும். வேலையிடத்தில் மூக்கை மூடும் துணி பருத்தியாக இருக்கட்டும். பாலியஸ்டரில் எழும் மின்பொறி மருந்து அறையில் உயிருக்கே உலையாகும்.

அடுத்தது காது மூக்கு தொண்டை மருத்துவர். மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும் என்றிருந்த நிலை மாறி, 2022 முதல் விருதுநகரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. அங்கே நுண்குழாய் வழியே மடையைப் பார்ப்பார்கள். பெரும்பாலும் வீக்கத்தைத் தணிக்கும் ஸ்டீராய்டு தெளிப்பானைத் தருவார்கள். அதன் பயன் தெரிய வாரங்கள் ஆகும், பொறுமை வேண்டும். ஆன்டிபயாடிக் தேவைப்பட்டால், சீழை எடுத்து வளர்த்து, எந்தக் கிருமி எம்மருந்துக்கு அடங்கும் எனப் பார்த்துத் தருவதே முறை. ஒரு பக்கம் மட்டும் துர்நாற்றச் சளி வந்தால் மேல்கடைவாய்ப் பல்லையும் காட்டுங்கள். சொத்தைப் பல்லின் வேர் கன்ன அறையின் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும். இவற்றால் குணமாகாதவர்க்கே அறுவை; அதன்பின்னும் கழுவுதல் தொடர வேண்டும்.

கண் வீங்கினாலோ, பார்வை இரட்டையாகத் தெரிந்தாலோ, காய்ச்சலுடன் கடுந்தலைவலி வந்தாலோ ஒருநாளும் தாமதிக்கலாகாது. நீரிழிவு உள்ளவர்க்குக் கறுத்த சளி வந்தாலும் அவ்வாறே. 2021-இல் கொரோனாவை அடுத்துப் பரவிய கருப்புப் பூஞ்சை பலருக்குச் சைனஸ் வழியாகத்தான் கண்ணுக்கும் மூளைக்கும் ஏறியது.

சகோதரி, மணம் தெரியாத கணவர் வீட்டிலிருக்கையில் சமையல் வாயுக் கசிவை நீங்களே கவனித்துக்கொள்ளுங்கள். மருத்துவமனைக்குச் செல்லும்போது இதுவரை உண்ட மாத்திரைகளின் காலி அட்டைகளையும் தவறாமல் எடுத்துச் செல்லுங்கள். எந்த வேலை, எந்தத் தூள், எத்தனை ஆண்டுகள் என்பதை அவரே மருத்துவரிடம் சொல்லட்டும்.