பிரதியில்லாத பத்திரம்

2025-ம் வருஷம் செப்டம்பர் 26-ந் தேதி இரவு, தென் கொரியாவில் தேஜான் நகரிலுள்ள சர்க்கார் கணினி நிலையத்தில் தீ மூண்டது. மின்கலங்களை இடம் மாற்றும் வேலை நடந்துகொண்டிருந்த சமயத்தில் பற்றிய அத்தீயினால் 600-க்கு மேற்பட்ட சர்க்கார் சேவைகள் நின்று போயின. நாள் செல்லச் செல்ல அவற்றில் பல மீண்டும் நடக்கலாயின. ஆனால் உத்தியோகஸ்தர்கள் தங்கள் அலுவல் குறிப்புகளை இட்டு வைத்திருந்த ‘ஜி-டிரைவ்’ என்னும் பொதுக் களஞ்சியம் மட்டும் மீளவில்லை. ஆளுக்கு 30 ஜிகாபைட் இடம் கொடுத்து நடத்தப்பட்ட அக்களஞ்சியத்தில் 858 டெராபைட் தகவல் சாம்பலாயிற்று. வேறிடத்தில் அதற்குப் பிரதி இல்லை. களஞ்சியம் மிகப் பெரிதாகையால் பிரதி வைக்க இயலவில்லை என்பது அதிகாரிகள் கூறிய சமாதானம். பெரிதாயிருந்தமையாலேயே பிரதி வைத்திருக்க வேண்டும் என்று சாமானிய மனிதனும் சொல்லுவான்.

கணினித் தொழிலில் முன்னணியில் நிற்கும் ஒரு தேசத்தின் சர்க்காருக்கே இக்கதி நேர்ந்ததென்றால், நம்முடைய சிறு வியாபார ஸ்தலங்களின் நிலை என்ன? கடிதப் போக்குவரத்து, கணக்கு, ஒப்பந்தம், சம்பளப் பட்டியல் ஆகிய யாவும் இன்று மைக்ரோசாப்ட், கூகுள் முதலிய கம்பெனிகளின் கிளவுட் சேவைகளில் குடியேறிவிட்டன. சொந்தத்தில் கணினி நிபுணர் வைத்துக்கொள்ள வசதியில்லாத ஸ்தாபனங்கள், மாதச் சந்தா பெற்றுக்கொண்டு இக்காரியங்களை ஏற்று நடத்தும் நிர்வாகச் சேவைக் கம்பெனிகளிடம் பொறுப்பை ஒப்படைத்திருக்கின்றன. முதலாளி நிம்மதியாகத் தூங்குகிறார். கிளவுடில் இருக்கும் தகவலுக்குத் தனியாகக் காப்புப் பிரதி வைக்கப்பட்டிருக்கிறதா என்று அவர் கேட்பதில்லை; சேவைக் கம்பெனியும் பல இடங்களில் அதைச் சொல்லுவதில்லை. இந்த மௌனத்தைப் பற்றியே நாம் இன்று எழுதுகிறோம்.

கிளவுட் கம்பெனி எதற்கு உத்தரவாதம் அளிக்கிறது என்பதை முதலில் தெளிந்துகொள்ள வேண்டும். கட்டடம், மின்சாரம், யந்திரம், அதில் ஓடும் சேவை ஆகியவற்றைக் காப்பது அதன் கடமை. உள்ளே இருக்கும் தகவல் உம்முடையது. அதன் க்ஷேமமும் பெரும்பாலும் உம்முடைய பொறுப்பே. உள்ளடக்கத்துக்கு அவ்வப்போது தனிப் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளும்படி மைக்ரோசாப்ட் தன் சேவை ஒப்பந்தத்திலேயே சிபாரிசு செய்கிறது. அவ்வொப்பந்தத்தை ஆதியோடந்தமாகப் படிப்பவர் எத்தனை பேர்?

“கிளவுடில் ஒரே தகவலை இரண்டு மூன்று இடங்களில் வைக்கிறார்களே, அது போதாதா?” என்பர் சிலர். போதாது. அவ்விடங்கள் ஒன்றுக்கொன்று நிழல் போன்றவை. ஓரிடத்தில் அழித்தால் மற்ற இடங்களிலும் அக்கணமே அழியும். யந்திரம் பழுதானால் அவை உதவும். மனிதன் தவறினாலும் வஞ்சித்தாலும் உதவா. 2022-ம் வருஷம் ஏப்ரலில் அட்லாசியன் கம்பெனியார் பழைய பயன்பாடொன்றை நீக்கப் போய், 775 வாடிக்கையாளரின் தளங்களையே நீக்கிவிட்டனர். சிலருக்கு அவை திரும்பக் கிடைக்க இரண்டு வாரம் ஆயிற்று. 2024-ம் வருஷம் மே மாதத்தில் ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் என்னும் ஓய்வூதிய நிதியின் கூகுள் கிளவுட் அமைப்பு நீக்கப்பட்டுவிட்டது. அதை முதலில் அமைத்தபோது ஓரிடத்தைக் காலியாக விட்டதே காரணம் என்று பின்னர் தெரிந்தது. 6 லட்சத்துக்கு மேற்பட்ட அங்கத்தினர் ஒரு வாரம் தவித்தனர். அந்நிதியார் வேறொரு கம்பெனியிடமும் பிரதி வைத்திருந்தபடியால் பிழைத்தனர். அவர்களைக் காத்தது அந்த முன்யோசனையே.

நிற்க. காலக்கணக்கையும் பார்ப்போம். தனி ஏற்பாடு செய்யாவிடில், கூகுள் டிரைவில் அழித்த கோப்பு குப்பைத் தொட்டியில் 30 நாள் இருக்கும். அதன்பின் நிர்வாகி மீட்பதற்கு இன்னும் 25 நாள் உண்டு. மைக்ரோசாப்டின் ஒன்டிரைவிலும் ஷேர்பாயிண்டிலும் 93 நாள். அதற்குப் பிறகு அது போனது போனதே. வேலையை விட்டு விலகிய குமாஸ்தா ஒருவன் கணக்குக் கோப்புகளை அழித்துவிட்டுப் போனான் என்று வைத்துக்கொள்வோம். அது வெளிப்படுவது வருஷாந்தத் தணிக்கையிலன்றோ? நம் நாட்டுக் கம்பெனிச் சட்டமோ கணக்குப் புத்தகங்களை 8 வருஷம் பாதுகாக்க வேண்டும் என்கிறது. மின்னணு முறையில் வைக்கும் கணக்குகளின் காப்புப் பிரதியை இந்தியாவிலுள்ள சர்வர்களில் நாள்தோறும் வைக்க வேண்டும் என்று 2022-ம் வருஷம் ஆகஸ்டில் திருத்தப்பட்ட விதிகள் கட்டளையிடுகின்றன. 93 நாள் எங்கே, 8 வருஷம் எங்கே! இந்த இடைவெளியை நிரப்புவது யார்? வியாபாரிக்கு அது தெரியாது. கிளவுட் கம்பெனி அதை ஏற்கவில்லை. இடையில் நின்று மாதச் சந்தா வாங்குகிறவரே நிரப்ப வேண்டும்.

பிறர் பொருளைக் கைக்கொண்டவன், சாதாரண விவேகமுள்ள ஒருவன் தன் பொருளைக் காப்பதுபோல அதைக் காக்க வேண்டும் என்பது 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 151-வது பிரிவு. கணினித் தகவல் அச்சட்டம் கருதும் பொருளாகுமா என்று வழக்கறிஞர்கள் கோர்ட்டில் வாதாடலாம். ஆனால் அதிலடங்கிய நியாயம் வாதத்துக்கு அப்பாற்பட்டது. பத்திரம் பதிவு செய்கிறவனுக்குத் தெரியும், மூலம் தொலைந்தாலும் பதிவு ஆபீஸிலுள்ள நகல் சொத்தைக் காக்கும் என்று. அதே புத்தியைக் கணினிக்கும் உபயோகிக்கும்படிதான் கேட்கிறோம்.

செலவாகும் என்பது முதல் ஆட்சேபம். ஆகும், ஆனால் அதை நஷ்டத்தோடு ஒப்பிட வேண்டும். வசூலாக வேண்டிய பாக்கிப் பட்டியலே போய்விட்ட வியாபாரி எதைக் கொண்டு கடை நடத்துவார்? இரண்டாவது ஆட்சேபம் கனமானது. சேவைக் கம்பெனியே கொள்ளையர் கைக்குப் போனால் என்ன செய்வது? 2021-ம் வருஷம் ஜூலையில் இத்தகைய கம்பெனிகள் கையாளும் கசேயா என்னும் மென்பொருளின் வழியே கொள்ளையர் புகுந்து, ஏராளமான சிறு ஸ்தாபனங்களின் கோப்புகளைப் பூட்டினர். 2023-ம் வருஷம் ஆகஸ்டில் டென்மார்க்கின் கிளவுட்நார்டிக் கம்பெனியில் மூலத்தோடு காப்புப் பிரதிகளும் பூட்டப்பட்டு, வாடிக்கையாளரில் பெரும்பாலோர் யாவற்றையும் இழந்தனர். இவை பிரதி வேண்டாமென்பதற்குச் சான்றல்ல. பிரதியை எப்படி வைக்க வேண்டும் என்பதற்கே சான்று. மூலம் இருக்கும் கம்பெனியிடமே பிரதியும் இருத்தலாகாது. மூலத்தைத் திறக்கும் சாவி பிரதியைத் திறக்கலாகாது. குறித்த காலம் வரையில் எவராலும் மாற்றவோ அழிக்கவோ முடியாத முறையில் அது இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மூன்று மாதத்துக்கு ஒரு முறையேனும் பிரதியிலிருந்து கோப்புகளை மீட்டுக் காட்ட வேண்டும். மீட்டுப் பார்க்காத பிரதி, ஓட்டிப் பார்க்காத தீயணைப்பு வண்டியே.

ஆகவே, நிர்வாகச் சேவைக் கம்பெனிகள் கிளவுட் தகவலுக்குக் காப்புப் பிரதி எடுப்பதைக் கேட்டால் கொடுக்கும் உபரிச் சரக்காக வைக்காமல், ஒப்பந்தத்தின் முதல் ஷரத்தாகவே வைக்க வேண்டும். எத்தனை நாளைக்கு ஒரு முறை பிரதி எடுக்கப்படும், எவ்வளவு காலம் வைக்கப்படும், எத்தனை மணி நேரத்தில் மீட்கப்படும் என்பவை எழுத்தில் இருக்க வேண்டும். வேண்டாமென்று சொல்லும் வாடிக்கையாளரிடம் அபாயத்தை விளக்கி, அவர் மறுப்பையும் எழுத்திலேயே வாங்கிக்கொள்ளட்டும். இது அவர்களுக்கும் நன்மையே. தகவல் அழிந்த மறுநாள் வியாபாரி கடல் கடந்த கிளவுட் கம்பெனியைத் தேடிப் போகமாட்டார். தம் ஊரில் சந்தா வாங்கியவரின் வாசற்படியில்தான் வந்து நிற்பார். அப்பொழுது, “அது எங்கள் ஒப்பந்தத்தில் இல்லை” என்ற பதில் வழக்கில் ஜயிக்கக்கூடும்; தொழிலில் ஜயிக்காது.

வியாபாரிகளுக்கும், சங்கங்கள் நடத்துவோருக்கும், பத்திரிகாலயத்தாருக்கும் ஒரு வார்த்தை. உங்கள் கணினிக் காரியங்களை ஏற்று நடத்துகிறவரை இன்றே அழைத்து, “சென்ற வருஷம் அழிந்த ஒரு கோப்பை இப்பொழுது மீட்டுக் காட்டும்” என்று கேளுங்கள். காட்டினால் சந்தாவை மகிழ்ச்சியோடு கொடுங்கள். காட்ட முடியாவிட்டால், உங்கள் ஸ்தாபனத்தின் பத்திரத்துக்குப் பிரதி இல்லை என்பதைத் தீப்பிடிக்கும் முன்னரே தெரிந்துகொண்டவர்களாவீர்கள்.