பணம் பிடிக்க ஒரு நொடி போதும், 'முன்னாடி வெள்ளம்'னு சொல்ல முடியாதா?



2024 டிசம்பர் 2, திங்கட்கிழமை. அந்த நாளை ஞாபகம் வச்சிருக்கீங்களா? ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்து ஒன்றரை நாள் ஆகியிருந்தது. "புயல் போயிடுச்சு, இனி பிரச்சனை இல்லை"ன்னு நினைச்சுத்தான் நிறைய பேர் வண்டியை எடுத்தாங்க. வார விடுமுறைக்கு ஊருக்குப் போனவங்க வேலைக்குத் திரும்பணும், பிள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடம், காலேஜ்.

அந்த விடியற்காலையில் நீங்க திருச்சியில இருந்து சென்னைக்குக் காரில் கிளம்பியிருந்தா என்ன நடந்திருக்கும்? சமயபுரம் சுங்கச்சாவடியில் பணம் போயிருக்கும். திருமாந்துறையில் போயிருக்கும். செங்குறிச்சியில் போயிருக்கும். மூணு தடவையும் உங்க போனுக்கு மெசேஜ் வந்திருக்கும். அப்புறம் உளுந்தூர்பேட்டையைத் தாண்டி அரசூர் பக்கம் வந்தா, ரோடு இருந்த இடத்தில் ஆறு ஓடுது. மலட்டாற்று வெள்ளம் நெடுஞ்சாலைக்கு மேலேயே பாய்ந்தது. போக்குவரத்து நின்றது. முன்னாடியும் போக முடியாது, பின்னாடி லாரியும் பஸ்ஸுமா வரிசை. ரயிலில் போகலாம்னா அதுவும் இல்லை. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவில் பாலத்தில் அபாய அளவுக்கு மேல் தண்ணீர் ஏறியதால் ரயில்களும் நிறுத்தப்பட்டன, திருப்பி விடப்பட்டன. தென் தமிழ்நாட்டையும் தலைநகரையும் இணைக்கிற ரோடும் தண்டவாளமும் ஒரே காலையில் அறுந்து போச்சு.

இயற்கைப் பேரிடரை யார் தடுக்க முடியும்னு கேட்பாங்க. சரி, தடுக்க முடியாது. மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியது. மறுநாள் ஊத்தங்கரையிலும் அதே 50 செ.மீ. அந்த மழைக்கு எந்தக் கட்சியும் எந்த அதிகாரியும் பொறுப்பில்லை. அதை நாங்க நேர்மையாவே ஒத்துக்கறோம்.

ஆனா அரசூர் ரோட்டுக்கு வந்த தண்ணீர் எல்லாம் அங்கேயே பெய்த மழை இல்லை. மேற்கே சாத்தனூர் அணை நிரம்பி, அன்னைக்கு அதிகாலை மூணு மணிவாக்கில் வினாடிக்கு 1,68,000 கன அடி வரைக்கும் திறக்கப்பட்டது. ஒரு கன அடின்னா சுமார் 28 லிட்டர். தெருவுக்கு வர்ற 12,000 லிட்டர் தண்ணி லாரி கணக்கில் பார்த்தா, ஒவ்வொரு நொடிக்கும் கிட்டத்தட்ட 400 லாரி! அது தென்பெண்ணையில் இறங்கி, திருக்கோவிலூரைக் கடந்து, திருவெண்ணெய்நல்லூர் பக்கம் பரவி நெடுஞ்சாலையைத் தொட மணிக்கணக்கில் ஆகும். நம்ம கேள்வி அந்த மணிநேரங்களைப் பற்றித்தான்.

படிப்படியாக எச்சரிக்கை விட்டோம் என்று சொன்னாங்க. எங்களுக்கு நேரமே கிடைக்கலைன்னு கரையோர மக்கள் சொன்னாங்க. அந்த விவாதம் அப்படியே இருக்கட்டும். கரையோர கிராமத்துக்காவது தண்டோராவோ ஒலிபெருக்கியோ போகும். திருநெல்வேலியில் கிளம்பி விழுப்புரத்தை வெறுமனே கடந்து போகிறவருக்கு யார் சொல்றது? அவருக்கு மலட்டாறுன்னு ஒரு ஆறு இருக்கிறதே தெரியாது. மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்பு அந்த மாவட்டத்துக்காரருக்கு. வழிப்போக்கர் எந்தக் கணக்கிலும் வரமாட்டார்.

கேட்டா ஒரு பதில் ரெடியா இருக்கும். தேசிய நெடுஞ்சாலை டெல்லியோடது, அணை கோட்டையோடது. நடுவில் கைக்குழந்தையோடு பஸ்ஸில் உட்கார்ந்து, தண்ணியும் இல்லாம, ஒதுங்க ஒரு கழிப்பறையும் இல்லாம தவிச்சது யாரோடது?

இத்தனைக்கும் வழி ஒண்ணும் புதுசா கண்டுபிடிக்க வேண்டாம். 2021 பிப்ரவரியில் இருந்து ஃபாஸ்டேக் கட்டாயம். எந்த வண்டி, எந்தச் சாவடியை, எத்தனை மணிக்குக் கடந்தது, அந்த வண்டிக்காரர் போன் நம்பர் என்ன, எல்லாம் கணினியில் இருக்கு. பணம் கழிந்ததைச் சொல்ல ஒரு மெசேஜ் வருது இல்லையா? அதே நம்பருக்கு "அரசூரில் சாலையில் வெள்ளம், உளுந்தூர்பேட்டையிலேயே நில்லுங்கள்" என்று ஒரு வரி அனுப்ப என்ன செலவாகும்? 2023-ல் நம்ம எல்லார் போனும் ஒரே நேரத்தில் அலறியதே, பேரிடர் எச்சரிக்கைச் சோதனைன்னு. அந்த அலறலைச் சோதனைக்கு மட்டும் வச்சிருந்தா போதுமா?

இதையும் யோசிங்க. அந்த ரோடு வடக்கு தெற்கா போகுது. தென்பெண்ணை, மலட்டாறு எல்லாம் மேற்கில் இருந்து கிழக்கே ஓடுது. நாலு வழிச்சாலைன்னு மண்ணைக் கொட்டி உயர்த்தினா, அது ஆற்றுக்குக் குறுக்கே கட்டின கரை மாதிரி. கீழே விடுகிற பாலமும் மதகும் பெரிய வெள்ளத்துக்குப் போதாம போனா, மேற்குப் பக்கத்து ஊர் மூழ்கும், அப்புறம் ரோடே மூழ்கும். அதனால பயணிகளோடு கோபம், கிராமத்துக்காரங்களோடு கோபம் ரெண்டும் ஒரே கோபம்தான். ரோட்டில் மாட்டினவர் கிராமத்துக்காரர் மேலே எரிச்சல்பட வேண்டியதில்லை.

நாங்க கேட்பது இவ்வளவுதான். அணையிலிருந்து பெரிய அளவில் தண்ணீர் திறக்கும் தகவல், கீழே இருக்கிற சுங்கச்சாவடிக்கு அதே நிமிடம் போகணும். சாவடியில் வண்டியை நிறுத்திச் சொல்லணும், மாற்றுவழி காட்டணும், திரும்பிப் போகிறவரிடம் வாங்கின பணத்தைத் திருப்பிக் கொடுக்கணும். மாட்டிக்கிட்டவங்களுக்குத் தண்ணி, பால், கழிப்பறை ஏற்பாடு செய்யும் பொறுப்பு யாருக்குன்னு மழைக்காலத்துக்கு முன்னாடியே எழுத்தில் இருக்கணும். உயர்த்திய சாலையின் அடியில் இருக்கிற பாலங்கள் 2024 வெள்ளத்தைத் தாங்குமான்னு அளந்து, அந்த அறிக்கையை மக்கள் முன்னாடி வைக்கணும்.

அடுத்த மழைக்காலம் வரைக்கும் சும்மா இருக்க வேண்டாம். உங்க ஊர்ப் பக்கம் நெடுஞ்சாலைக்கு அடியில் போகிற வாய்க்கால் பாலம் மண்ணும் குப்பையுமா அடைஞ்சிருந்தா, இடத்தின் பெயரோடு போட்டோ எடுத்துக் கமெண்ட்டில் போடுங்க. தொகுத்து மனுவாகக் கொடுப்போம். 1033 நெடுஞ்சாலை உதவி எண், 1070 மாநிலப் பேரிடர் எண், 1077 மாவட்ட எண். மூணையும் இப்பவே போனில் பதிஞ்சு வையுங்க. ரெண்டடி ஓடும் தண்ணீர் காரையே தூக்கிடும், அதனால "முன்னாடி வண்டி போகுதே"ன்னு நம்பி இறக்காதீங்க.

அன்னைக்கு அரசூரில் மாட்டினவங்க யாராவது இதைப் படிச்சா, எத்தனை மணி நேரம் நின்னீங்க, உங்களுக்கு யார் வந்து சொன்னாங்கன்னு எழுதுங்க. மனுவில் உங்க அனுபவம்தான் முதலில் வரும்.

#வழிப்போக்கருக்கும்_எச்சரிக்கை_வேண்டும்